ஒட்டுப்போட்ட டிராக்டர்

டிராக்டரைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் என்ன எழுத வந்துவிட்டாள் இவள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் ஊறுகாய் ஜாடி, பிள்ளைகளுக்குக் கஷாயம், பால்காரர் கணக்கு என்று இருந்தவள்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். நான் இங்கே சொல்லப்போவது இரும்பு விஷயம்தான். ஆனால் அதற்குள் என் வீடும் இருக்கிறது.

என் மாமனார் 1976-ல் ஒரு மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் வாங்கினார். எங்கள் சின்ன ஊருக்கு அதுதான் முதல் டிராக்டராம். அவர் காலமானது 2009-ல். அதற்குப் பிறகும் என் வீட்டுக்காரர் அதை நாலு வருஷம் ஓட்டினார். 2013 கோடையில் ஒரு நாள், ஆயில் குறைந்திருந்ததைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டார். கொல்லைக்காட்டில் ‘டமார்’ என்று ஒரு சத்தம்! உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு ஒடிந்து, எஞ்சின் பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மாட்டுக்கொட்டகையில் விட்டார்கள். அதோடு சரி. ஏழு வருஷம் அது கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தது. உழவுக்கு வாடகை வண்டி கூப்பிட்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் மகன் வீட்டுக்கு வந்தான். பெட்டியோடு ஒன்பது பாடம் பாக்கியும் வந்தது. ஜூனில், “இனி காலேஜுக்குப் போகலீங்கம்மா, எனக்கு மண்டையில ஏறலை” என்று சொல்லிவிட்டான். அப்பாவுக்கும் மகனுக்கும் அன்றோடு பேச்சு நின்றது. ‘சாப்பிட வரச் சொல்லு’, ‘மோட்டார் போடச் சொல்லு’ என்று எல்லாம் என் மூலமாகத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் தபால்காரியாக இருக்கிற கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவர் வந்தார். டிராக்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “1,500 கிலோவுக்குக் குறையாதுங்க, கிலோ 24 ரூபான்னு போட்டுக்கலாம்” என்றார். முப்பத்தாறாயிரம்! என் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தபடியே, “இதோட உள்ளே ஒண்ணு உட்கார்ந்து தின்னுட்டிருக்குது, அதையும் சேர்த்து எடை போட்டுக்கங்க” என்றார். சிரிப்புக்குச் சொன்னமாதிரிதான் சொன்னார். ஆனால் உள்ளே என் பையன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனான். எனக்கு வயிறு எரிந்தது. வியாபாரியிடம், “மாமியாரைக் கேட்டுச் சொல்றோமுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி கொட்டகையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் பையன் டார்ச் லைட்டோடு டிராக்டருக்கு அடியில் படுத்திருக்கிறான்.

“அம்மா, இதுல போனது எஞ்சின் மட்டுந்தாம்மா. கியர் பாக்ஸ், பின் ஆக்சில், லிஃப்ட் எல்லாம் கல்லு மாதிரி இருக்குது.”

“எஞ்சின் போனா எல்லாம் போன மாதிரிதானே கண்ணு?”

“இல்லீங்கம்மா” என்று எழுந்து உட்கார்ந்து விளக்கினான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் நீளமாக ஒரு இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல்தான் எல்லாம் உட்கார்ந்திருக்கும். எங்கள் டிராக்டருக்கு அந்தச் சட்டமே கிடையாதாம். முன்னால் எஞ்சின், நடுவில் கியர் பாக்ஸ், பின்னால் ஆக்சில், மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கியதே அதற்கு முதுகெலும்பு! அதனால் வேறு எஞ்சின் வைப்பதென்றால் சும்மா தூக்கி வைத்துவிட முடியாது. பழைய எலும்போடு புது எலும்பு நூல் பிசகாமல் சேர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் ஒடிந்துவிடும்.

பாடத்தில் ஒன்பது பாக்கி வைத்த பிள்ளையா இப்படிப் பேசுகிறான் என்று எனக்கு ஆச்சரியம். அந்த வருஷம் அவன் கண்ணில் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றுதான்.

என்னிடம் சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் இருந்தது. போதாது. மூன்றரைப் பவுன் செயினைச் சொசைட்டியில் அடகு வைத்து 70,000 வாங்கினேன். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் செய்யவில்லை, சொன்னேன். “உன் நகை, உன் பிள்ளை” என்றார். சம்மதமும் இல்லை, தடையும் இல்லை! பையனிடம் மட்டும் மூன்று நிபந்தனை போட்டேன்: ரசீது இல்லாமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது, ஞாயிறு தோறும் என்னிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும், ஒரு பாகத்தை வெட்டுவதற்கு முன் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தெரியும் என்று நினைக்கலாம். ஆனால் இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றாலே நம் தப்பு நமக்குத் தெரிந்துவிடும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு கதை சொன்னான். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன்தான், கலப்பையை மூன்று இடத்தில் மாட்டி எண்ணெய் அழுத்தத்தில் தூக்கி இறக்கும் முறையை டிராக்டருக்குக் கொண்டுவந்தவராம். இன்று எந்த டிராக்டரின் பின்னால் பார்த்தாலும் இரண்டு கை கீழே, ஒரு கை மேலே இருக்கிறதே, அதுதான். அவருடைய கம்பெனி 1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. அந்த மாஸி ஹாரிஸும் 1891-ல் இரண்டு கம்பெனி சேர்ந்து உண்டானதுதான். 1958-ல் மாஸி பெர்குசன் என்று பெயர் சுருங்கியது. மறு வருஷம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் எஞ்சின் கம்பெனியை வாங்கினார்கள். 1960-ல் சென்னையில் டாஃபே ஆரம்பித்து, அந்த டிராக்டரை நம் ஊரிலேயே செய்தார்கள். எஞ்சினுக்குச் சென்னைச் சிம்சன்.

“அப்படின்னா இது பிறக்கும்போதே ஒட்டுதானா?” என்றேன். “ஆமாங்கம்மா, நாம இன்னொரு ஒட்டுப் போடறோம், அவ்வளவுதான்” என்றான். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ‘ஒட்டு’ என்றே பெயர்.

எஞ்சின் கிடைத்தது ஒரு கம்ப்ரெஸரிலிருந்து. எங்கள் பக்கம் கிணற்றை ஆழப்படுத்தப் பாறை துளைக்கிற காற்று மெஷின் உண்டே, அதில் இருந்த மூன்று சிலிண்டர் சிம்சன். குடும்பம் ஒன்றுதான், ஆனால் உடம்பு வேறு. டிராக்டரில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் கனமான வார்ப்பு இரும்பு. பாரத்தை அதுவும் தாங்கும். கம்ப்ரெஸர் எஞ்சினுக்கோ வெறும் தகரச் சம்ப். ஆகவே எங்கள் பழைய எஞ்சினின் சம்பைக் கழற்றி இதற்குப் போட்டான். ஃப்ளைவீலும் பழையதே. ராடு ஒடிந்தபோது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் பின்தகடு விரிசல் விட்டிருந்தது. கம்ப்ரெஸர் தகட்டின் ஓட்டைகளோ எதற்கும் ஒத்துவரவில்லை. உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் தேடியும் கிடைக்காமல், கடைசியில் லேத் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் புதுத்தகடு செய்யக் கொடுத்தான்.

முன் அச்சு ஒரு வண்டியிலிருந்து, ரேடியேட்டர் இன்னொன்றிலிருந்து, ஹெட்லைட் ஏதோ லாரியிலிருந்து. பின் டயர் 12.4–28 அளவில் ஜோடியாகப் பழையது வாங்கினான். ஒன்று தேய்ந்தும் ஒன்று தேயாமலும் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம். அதனால் டேப் வைத்துச் சுற்றளவைப் பார்த்து வாங்கினான். டூல்ஸ் பெட்டிக்கு மட்டும் என் கல்யாணத்துக்குக் கொடுத்த சின்ன டிரங்குப் பெட்டி போயிற்று!

தை மாதம் முதல் தடவை எஞ்சினைச் சேர்த்தார்கள். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். கடைசி ஒரு நூல் இடைவெளி மூடவே இல்லை. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்றான் கூட்டாளி ஒருவன். என் பையனும் ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

திண்ணையில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். அட்டாலியில் இருந்து ஒரு சாக்குப் பையை எடுத்துவந்து மகன் முன்னால் தொப்பென்று போட்டார். என் மாமனாரின் ஸ்பேனர் செட்!

“அது இன்ச் போல்ட்டு. அரை இன்ச்சுன்னா 12.7 மில்லி. நீ 13 மில்லி ஸ்பேனர் போட்டு முறுக்கினா தலை மழுங்கிப் போகும். அப்புறம், இரும்பை இழுத்துச் சேர்க்காதே. சேரலைன்னா உள்ளே எங்கியோ இடிக்குதுன்னு அர்த்தம். இழுத்தா ஹவுசிங் வெடிச்சுப்போகும். பிரிச்சுப் பாரு.”

ஏழு மாதத்துக்குப் பிறகு மகனோடு பேசிய முதல் பேச்சு அது. நான் கையில் காப்பி டம்ளரோடு அசையாமல் நின்றேன்.

பிரித்துப் பார்த்தார்கள். தகட்டின் கனம் அரை நூல் கூடுதல்; நடு ஓட்டையும் இம்மியளவு விலகியிருந்தது. கியர் பாக்ஸ் தண்டின் நுனி, ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்னப் பேரிங்கில் போய் உட்கார வேண்டும். மையம் விலகியதால் அது விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. முறுக்கி இழுத்திருந்தால் தண்டும் போய், ஹவுசிங்கும் போய், என் செயினும் போயிருக்கும்! அப்பாவும் மகனும் ஒரே மொபெட்டில் தகட்டைக் கட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போனார்கள். அவர் டயல் கேஜ் வைத்து மையம் பார்த்துத் தகட்டைத் திரும்பக் கடைந்து கொடுத்தார். மறு ஞாயிறு கைவிரலால் தள்ளியதிலேயே எஞ்சின் போய் ஒட்டிக்கொண்டது.

2021 ஆடி முதல் வாரம் ஸ்டார்ட் பண்ணினார்கள். உடனே கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை கையால் பம்ப் அடிக்க வேண்டும். மூன்றாம் தடவை கருப்புப் புகை கக்கிக்கொண்டு ‘டுக் டுக் டுக்’ என்று பிடித்தது. கண் சரியாகத் தெரியாத என் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அம்மிணி, மாமா வண்டி வந்துருச்சா?” என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இதை எழுத வந்ததே இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்காகத்தான்.

டிராக்டரின் பின்னால் சுழல்கிற தண்டு ஒன்று உண்டு. பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டர், தட்டு வெட்டும் மெஷின் எல்லாம் அதில்தான் ஓடும். அந்தத் தண்டுக்கும், மெஷினோடு இணைக்கும் ஷாஃப்ட்டுக்கும் மூடி இருக்க வேண்டும். எங்கள் ஒட்டு வண்டிக்குப் பழைய மூடி எதுவும் சேரவில்லை. தனியாகச் செய்ய 1,800 ரூபாய் கேட்டார்கள். கணக்கு நோட்டில் அந்த வரியை அடித்தது யார் தெரியுமா? நான்தான். “உழவுக்கு அது எதுக்குடா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன். பெயிண்டுக்கும் பூஜைக்கும் பணம் கொடுத்த மகராசி!

ஐப்பசியில் ஒரு நாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மோர் கொண்டுபோன நான், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு டிராக்டருக்கும் மெஷினுக்கும் இடையில் குனிந்து டம்ளரை நீட்டினேன். முந்தானை காற்றில் பறந்து ஷாஃப்ட்டில் பட்டது. பட்டதுதான் தெரியும். யாரோ இடுப்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்த மாதிரி இருந்தது. கத்தினது எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தற்செயலாக டிராக்டர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஒரே தாவில் ஸ்டாப்பர் கம்பியை இழுத்தார். அதற்குள் தோளிலிருந்து இடுப்பு வரை புடவை கிழிந்து தண்டில் சுற்றிக்கொண்டுவிட்டது. நாலு வருஷம் கட்டி நைந்த நூல் புடவை, அதனால் கிழிந்தது. கிழியாத நைலான் புடவையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். தோளிலும் விலாவிலும் கன்றிப்போன தழும்பு ஆற ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. வெறும் தண்டிலேயே நொடிக்கு ஒரு மீட்டர் துணி சுருட்டிக்கொள்ளும். இணைப்பு இருக்கும் பருத்த இடத்தில் இன்னும் அதிகம். ஐந்தரை மீட்டர் புடவைக்கு எத்தனை நொடி? நாம் ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அன்று சாயங்காலமே அப்பாவும் மகனும் தகடு வாங்கிவந்து, ராத்திரி பதினொரு மணி வரை வெல்டிங் வைத்து டிராக்டர் பக்கத்துக்கு மூடி செய்தார்கள். ஷாஃப்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறை மறுநாள் ஈரோட்டிலிருந்து வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வயல் வேலை நடக்கிற வீடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கு, பட்டறிந்தவள் சொல்லும் சில வார்த்தைகள்:

ஓடுகிற மெஷின் பக்கம் போனால் முந்தானையை இறுக்கிச் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். துப்பட்டா, தலைத்துண்டு எதுவும் தொங்கக் கூடாது. சாப்பாடு கொடுப்பதென்றால் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் பீய்ச்சுவதை விரல் வைத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். ஆனால் விரலே போய்விடக்கூடிய ஆபத்து. வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துரு இரும்பு கிழித்தால் டெட்டனஸ் ஊசியை மறக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

கிரீஸ் பட்ட சட்டையை முதலில் தண்ணீரில் போடாதீர்கள். கடலைமாவோ முகப்பவுடரோ தூவி ஒரு மணி நேரம் வைத்தால் பாதிப் பிசுக்கை உறிஞ்சிவிடும். பிறகு சோப்புத்தூளும் வெந்நீரும். கையில் உள்ள கிரீஸைப் பெட்ரோல் போட்டுக் கழுவுவது தோலுக்குக் கெடுதல். தேங்காயெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட்டால் போதும்.

பழைய வண்டியைச் சேர்க்க நினைப்பவர்கள் காகிதத்தையும் கவனியுங்கள். எஞ்சின் மாற்றப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். எஞ்சினுக்கு ரசீது வாங்கி வைத்திருந்தது அங்கேதான் கைகொடுத்தது. மாமனார் பெயரில் இருந்த புத்தகத்தையும் அப்போதே வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றினோம்.

என் நோட்டில் உள்ள கணக்கு இது: எஞ்சின் 42,000, அதற்குப் பிஸ்டன், லைனர், பேரிங் 21,500, தகடும் லேத் கூலியும் 8,600, கிளட்ச் 7,900, பின் டயர் 15,000, முன் டயர் 8,400, லிஃப்ட் பம்ப் ரிப்பேர் 6,200, பேட்டரி, ஒயர், செல்ப் மோட்டார் 9,800, தகர வேலை, பெயிண்ட் 6,600, போக்குவரத்து, அலுவலகக் கட்டணம் 5,000. மொத்தம் 1,31,000 ரூபாய். குறைந்த ஆயிரத்தை, டிராக்டரில் முட்டையிட்ட கோழிகள்தான் கொடுத்தன! இதில் சேராத 1,800 ரூபாயைத்தான் நான் இன்றும் மறக்கவில்லை.

‘ஒட்டு’ புது வண்டிக்கு ஈடாகாது. பெரிய ரோட்டவேட்டரை இழுக்கத் திணறும். ஆனால் கொத்துக் கலப்பை போட்டால் எங்கள் நாலு ஏக்கருக்குத் தாராளம். வாடகை உழவு நின்றது. பையன் 2021-லேயே ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்ந்து, ஒரு வருஷப் படிப்பை ஒரு பாக்கியும் இல்லாமல் முடித்தான். இப்போது அதே கொட்டகையில் ஊர் டிராக்டர்களுக்கு ரிப்பேர் பார்க்கிறான். 2023-ல் என் செயினை அவன் சம்பாத்தியத்தில் மீட்டுக் கொடுத்தான். “இருந்தாலும் அந்த டிகிரியை முடிச்சிருக்கலாம்” என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்வதுண்டு. இப்போது அதை அவனிடம் நேரிலேயே சொல்கிறார். அவனும் நேரிலேயே பதில் சொல்கிறான். தபால்காரி வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது!

ஒரு பாகம் உடைந்ததற்காக முழு வண்டியையும் எடைக்குப் போட இருந்தோம். அன்று வியாபாரியைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால், டிராக்டரோடு இன்னும் எதையெல்லாம் இழந்திருப்போமோ! உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் ஏதாவது துருப்பிடித்துக் கிடந்தால், வீசுவதற்கு முன் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். அதைச் சரி செய்ய உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியோடு நீங்களும் உட்காருங்கள். முந்தானையை மட்டும் செருகிக்கொள்ளுங்கள்!